சேரும்போது கொடுத்த வாக்கு, சேர்ந்த பிறகு யார் கையில்?

செந்தூல்வாசி:

2025 அக்டோபர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. செந்தூலில் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஆசியான் மாநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கோலாலம்பூரில்தான் திமோர் லெஸ்தே பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. 2011இல் விண்ணப்பம் போட்ட நாடு, பதினான்கு வருடம் காத்திருந்து உள்ளே வந்திருக்கிறது. எனக்கும் மகிழ்ச்சிதான், அந்த மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு கூட்டமைப்பு புதிதாக ஒரு நாட்டைச் சேர்க்கும்போது, அந்த நாட்டுக்குள் இருக்கும் சிறுபான்மை மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கேட்கிறார்களா? ஆசியான் சாசனத்தின் 6ஆவது பிரிவை எடுத்துப் படித்தேன். தென்கிழக்காசியாவில் இருக்க வேண்டும், மற்ற உறுப்பு நாடுகள் எல்லாம் அங்கீகரித்திருக்க வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்பட ஒப்புக்கொள்ள வேண்டும், கடமைகளைச் செய்யும் திறனும் விருப்பமும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். சிறிய இனங்கள், சிறிய மொழிகள் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை.

ஐரோப்பாவில் இப்படி விடவில்லை. 1993 ஜூனில் கோப்பன்ஹேகனில் கூடி, இனிமேல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வருகிறவர்கள் மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை இவற்றோடு சிறுபான்மையினரை மதித்துப் பாதுகாக்கவும் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நமக்கு இது எங்கோ நடக்கும் கதை இல்லை என்று நினைக்கிறேன். தமிழர்களாகிய நாம் இந்த மலேசியாவில் சிறுபான்மை. நம் உரிமைகளும் ஒரு கூட்டமைப்பு உருவானபோது பேரம் பேசி எழுதப்பட்டவைதான். படித்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்த வாசல் நிபந்தனை உண்மையில் வேலை செய்கிறதா?

பிறைக்காரர்:

தம்பி, ஆசியானையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அங்கே ஒரே நாடாளுமன்றம், ஒரே நீதிமன்றம், பாதிக்கு மேல் ஒரே பணம். இங்கே வந்து கைகுலுக்கி, கூட்டறிக்கை விட்டு, வீட்டுக்குப் போகிறார்கள். பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதுதான் ஆசியானின் அடித்தளம், அது இல்லையென்றால் 1967இலேயே இந்தக் கூட்டு நின்றிருக்காது. சிறிய நாட்டுக்கு அது ஒரு கவசம். திமோரிடம் போய் நீ உன் சிறுபான்மையை எப்படி நடத்துகிறாய் என்று கேட்க நாம் யார்? அவர்கள் அரசியலமைப்பின் 13ஆவது பிரிவில், தேத்தும் மொழியோடு மற்ற தேசிய மொழிகளையும் அரசு மதித்து வளர்க்க வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது. நம்மைவிட மோசமாக இல்லை.

செந்தூல்வாசி:

அண்ணே, கவசம் என்றீர்கள். சரி. யாருக்குக் கவசம்? மியன்மாரை 1997 ஜூலையில் லாவோசோடு சேர்த்து உள்ளே எடுத்தார்கள். அப்போது அங்கே 1982ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது, ரோஹிங்யா மக்களை நாடற்றவர்களாக ஆக்கிய அதே சட்டம். அதைப் பற்றி எந்த நிபந்தனையும் போடவில்லை. உள்ளே வந்து பேசிப்பேசித் திருத்திவிடலாம் என்றார்கள். இருபது வருடம் கழித்து, 2017இல், ஏழு லட்சம் பேருக்கு மேல் ஆற்றைக் கடந்து வங்காளதேசத்துக்கு ஓடினார்கள்.

செலாயாங் மொத்தச் சந்தைக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். கோஸ் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் ரோஹிங்யா ஆட்கள். என்னோடு கொஞ்சம் பேசிப் பழகிய ஒருவர் கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் ஐநா அகதி அட்டையை மாட்டியிருப்பார், சட்டைக்குள்ளே விட்டுக்கொண்டு. யாராவது சீருடையில் வந்தால் உடனே வெளியே எடுத்துப் பிடிப்பார். அவர் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். தலையிடாமை என்ற கவசம் அவருடைய அரசைக் காத்தது, அவரைக் காக்கவில்லை. அப்புறம் அந்த "வீட்டு விவகாரம்" நம் சந்தைக்கே வந்து சேர்ந்துவிட்டதே?

ரீகாவில்_இரண்டு_வருடம்:

நான் கப்பல் நிறுவன வேலையாக லாத்வியாவில் இரண்டு வருடம் இருந்தேன். செந்தூல் அண்ணன் கேட்ட கேள்விக்கு அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ரஷ்ய மொழி பேசுகிறவர். எழுபது வயதுக்கு மேல். ஒரு நாள் சமையலறை மேசையில் தன் கடவுச்சீட்டை எடுத்து வைத்தார். ஊதா நிறம். அட்டையிலேயே "அந்நியர் கடவுச்சீட்டு" என்று அச்சடித்திருந்தது. தலைநகர் ரீகாவிலேயே பிறந்து, பள்ளி போய், தொழிற்சாலையில் வேலை செய்து, கணவரை அதே ஊரில் அடக்கம் செய்தவர். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து லாத்வியா மீண்டும் சுதந்திரம் பெற்றபோது, 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும்தான் குடியுரிமை என்றார்கள். மற்றவர்கள், கிட்டத்தட்ட மக்கள்தொகையில் முப்பது சதவீதம், "குடிமகன் அல்லாதவர்" ஆகிவிட்டார்கள். லாத்விய மக்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்டாலின் காலத்தில் அவர்களில் எத்தனையோ பேரைச் சைபீரியாவுக்கு ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள், சொந்த ஊரிலேயே தங்கள் மொழி அடிபட்டுப்போகும் என்ற பயம் உண்மையான பயம். ஆனால் அந்த அம்மா யாரையும் படையெடுத்து வந்து பிறக்கவில்லை.

இப்போது வாசல் நிபந்தனைக்கு வருகிறேன். லாத்வியா 1994இல் போட்ட சட்டத்தில் வயதுவாரியாக வரிசை வைத்திருந்தார்கள், உன் முறை வரும்வரை நீ விண்ணப்பிக்கவே முடியாது. ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற ஆசைதான் அதை உடைத்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையராக அப்போது இருந்தவர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் என்ற டச்சுக்காரர். ஊர் ஊராகப் போய், அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதி, மறுபடியும் எழுதி, விடாமல் நின்றார். 1998 அக்டோபரில் பொது வாக்கெடுப்பு நடந்தது, வரிசை முறை போனது, சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதியவும் வழி வந்தது. அதனால் வாசலில் வைத்த நிபந்தனை வேலை செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. செய்தது. நான் போனபோது அந்த வரிசை இல்லை.

ஆனால் 2004 மே 1 அன்று கதவு திறந்து உள்ளே வந்தாயிற்று. அதே வருடம் செப்டம்பரில் ரஷ்ய மொழிப் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புகளில் அறுபது சதவீதம் லாத்விய மொழியில்தான் என்று ஆனது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 2022இல் சட்டம் போட்டு, 2023இலிருந்து மூன்று வருடத்தில் எல்லா வகுப்பும் லாத்விய மொழிக்கே மாறவேண்டும் என்றார்கள். குடிமகன் அல்லாதவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் தானாகவே குடிமக்கள் என்ற எளிய விஷயம் 2020 ஜனவரியில்தான் வந்தது, சேர்ந்து பதினாறு வருடம் கழித்து. பக்கத்து எஸ்டோனியாவில் உள்ளூராட்சித் தேர்தலிலாவது நாடற்றவர்கள் வாக்களிக்க முடிந்தது, 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி அதையும் முடித்துவைத்தார்கள்.

வாசலுக்கு வெளியே நின்றவரை ஒரு பேச்சு, உள்ளே வந்த பிறகு வேறு பேச்சு. நான் பார்த்தது இதுதான்.

தஞ்சோங்அக்கா:

ஊதாக் கடவுச்சீட்டு என்று படித்ததும் எனக்கு எங்கள் பாட்டியின் சிவப்பு அட்டை ஞாபகம் வந்துவிட்டது.

பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால். பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்துக் கிராணி எழுதி வைத்த சம்பளப் புத்தகம் மட்டும் இருந்தது, அதுவும் வெள்ளத்தில் போயிற்று. சுதந்திரம் வந்தபோது பதிந்துகொள்ளுங்கள் என்று சொன்னார்களாம், தாத்தா பால்வெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்று போகவில்லை. ஒரு நாள் கூலி. அதன் விலை பாட்டிக்கு வாழ்நாள் முழுவதும் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுப்பது. வாக்கு இல்லை, முதியோர் உதவித்தொகை இல்லை, அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்ட நாளும் உண்டு. எழுபது வயதில் குடியுரிமைக்காக நான் அழைத்துப் போனேன். ஒரு அலுவலகத்தில், எது என்று சொல்லவில்லை, ஒரு இளம் அதிகாரி மலாயில் கேள்வி கேட்டார். பாட்டி தோட்டத்து மலாயில் பதில் சொன்னார், சந்தையில் ஐம்பது வருடம் பேசிய மலாய். போதாது, படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பாட்டி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையை நகைக்கடை கொடுத்த சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் மெதுவாகத் திணித்து, மடியில் செருகிக்கொண்டு, "வா, தோசை சாப்பிட்டுப் போகலாம்" என்றார். அதன்பிறகு ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2016இல் அதே அட்டையோடு போய்ச் சேர்ந்தார்.

நாட்டை உருவாக்கும்போது, கூட்டமைப்பில் சேரும்போது, தேதி போட்டு எழுதுகிறார்கள். இந்தத் தேதிக்கு முன் பிறந்தவன், இந்தத் தேதிக்குப் பின் பிறந்தவன். நம் சட்டத்திலும் அப்படித்தான், மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இங்கே பிறந்தால் போதும், அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தவர்கள் யார் என்று அவர்கள் போய்ப் பார்ப்பதில்லை.

பிறைக்காரர்:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. எங்கள் அம்மாச்சிக்கும் கடைசிவரை சிவப்புத்தான்.

வழக்குக்கட்டு:

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன், வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைப் பல வருடமாகப் படித்துவருகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் ஆவணக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ரீகா தம்பி சொன்னது ஏன் நடந்தது என்றால், கோப்பன்ஹேகன் நிபந்தனை சேர வருகிறவருக்கு மட்டும் வைத்த நிபந்தனை. ஒன்றியத்தின் சொந்தச் சட்டத்தில் அப்போது அது இல்லை. 1997 ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தில் கோப்பன்ஹேகனில் சொன்னவற்றை எல்லாம் எடுத்து எழுதினார்கள், மக்களாட்சி வந்தது, சட்டத்தின் ஆட்சி வந்தது, சிறுபான்மையினர் மட்டும் வரவில்லை. லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் 2ஆவது பிரிவில் "சிறுபான்மையினரைச் சேர்ந்தவர்களின் உரிமைகள்" என்ற சொற்கள் ஏறின. அதுவும் ஒரு மதிப்பீடாக, கொள்கையாக. அதை வைத்து என் பள்ளியை மூடாதே என்று ஒருவர் நேராக நீதிமன்றம் போக முடியுமா என்றால் கஷ்டம்தான். ஒன்றியம் முழுவதும் 11 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, சிறுபான்மை மொழிகளுக்கு ஒன்றியமே சட்டம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்கள். 2021 ஜனவரியில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், புதிய சட்டம் தேவையில்லை, இருப்பதே போதும் என்று சொல்லிவிட்டது.

இன்னொன்று. ஐரோப்பிய மன்றம், இது ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பு, குழப்பிக்கொள்ளாதீர்கள், 1995இல் தேசியச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்கு ஒரு சட்டக உடன்படிக்கை கொண்டுவந்தது, 1998இல் அமலுக்கு வந்தது. அதில் "தேசியச் சிறுபான்மை" என்றால் யார் என்ற வரையறையே இல்லை, ஒத்துக்கொள்ள முடியாததால் விட்டுவிட்டார்கள். எஸ்டோனியா அதை உறுதி செய்தபோது, எங்கள் குடிமக்களாக இருப்பவர்களைத்தான் சிறுபான்மை என்று எடுத்துக்கொள்வோம் என்று ஒரு அறிவிப்பைச் சேர்த்தது. அப்போது அங்கே நாடற்றவராக இருந்தவர் நிலை என்ன? குடியுரிமை இல்லாததால் அவர் சிறுபான்மைகூட இல்லை. தஞ்சோங் அக்காவின் பாட்டியை நினைத்துக்கொண்டு இந்த வரியை ஒருமுறை படியுங்கள்.

ஆனால் வேலை செய்த உதாரணம் ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பின்லாந்துக்குச் சொந்தமான ஓலாந்துத் தீவுகள். முப்பதாயிரம் பேர்தான், சுவீடிஷ் பேசுகிறவர்கள். 1921இல், ஐநாவுக்கு முன்னால் இருந்த சர்வதேசச் சங்கம், தீவுகள் பின்லாந்துக்கே, ஆனால் மொழியும் நிலமும் தீவுக்காரர்களுக்கு என்று தீர்த்து வைத்தது. பின்லாந்து 1995இல் ஒன்றியத்தில் சேரும்போது தீவில் தனியாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். சேருகிற ஒப்பந்தத்தோடேயே ஓலாந்துக்கு ஒரு தனி நெறிமுறையை இணைத்தார்கள். தீவின் வாழுரிமை பெறாதவர் அங்கே நிலம் வாங்குவதைத் தடுக்கலாம், தொழில் நடத்துவதைத் தடுக்கலாம் என்று. ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டமே யாரும் எங்கும் போய் நிலம் வாங்கலாம், தொழில் செய்யலாம் என்பது, அதற்கே விலக்கு வாங்கினார்கள். இது ஒப்பந்தத்தின் பகுதி, ஹெல்சின்கி மட்டும் நினைத்தால் மாற்ற முடியாது, பிரசல்ஸ் மட்டும் நினைத்தாலும் முடியாது. முப்பது வருடமாக நிற்கிறது.

லாத்வியாவில் கொடுத்தது வாக்கு. ஓலாந்தில் போட்டது பூட்டு, அதன் சாவிகளில் ஒன்று தீவின் பக்கம்.

இதே மாதிரிப் பூட்டு நம் நாட்டில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. கூச்சிங்குக்கு விமானத்தில் போனவர்களுக்குத் தெரியும், மைகார்ட் அடையாள அட்டையை நீட்டினால் முகப்பில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள், தொண்ணூறு நாள் தங்கலாம் என்று. சொந்த நாட்டுக்குள் போக ஏன் குடிநுழைவுச் சோதனை என்று எரிச்சல்படுகிறோம். 1963இல் சபாவும் சரவாக்கும் சேர்ந்தபோது கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. அரசியலமைப்பின் 161இ பிரிவு, குடிநுழைவு, மொழி, மதம், பூர்வகுடி நிலை போன்றவற்றில் அந்த மாநில ஆளுநரின் இசைவு இல்லாமல் திருத்தம் செய்ய முடியாது என்கிறது. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலும் போதாது. அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மிரி_சம்பந்தம்:

வழக்குக்கட்டு அண்ணன் சொன்னதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் பினாங்கில் பிறந்தவன், மனைவி சரவாக், பிடாயு இனம், சபாவிலும் உறவுகள் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கதையின் மறுபக்கமும் வீட்டிலேயே கேட்கிறது.

பூட்டின் சாவி மாநில ஆளுநர் கையில் என்றீர்கள். ஆனால் மாநிலத்துக்குள்ளேயும் சிறியவர்கள் இருக்கிறார்களே. சபா சேரும்போது கேட்ட இருபது அம்சங்களில் முதல் அம்சமே, வட போர்னியோவுக்கு, அதாவது அன்றைய சபாவுக்கு, அரசமதம் இருக்கக்கூடாது என்பதுதான். 1973இல் சபா சட்டமன்றமே அதன் அரசியலமைப்பைத் திருத்தி இஸ்லாத்தை மாநில மதமாக ஆக்கியது. கோலாலம்பூர் வந்து பூட்டை உடைக்கவில்லை, உள்ளே இருந்த அரசே திறந்துவிட்டது. அப்போது முஸ்லிம் அல்லாத கடசான் பூர்வகுடி மக்களிடம் யார் சாவி கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை.

அப்புறம் பணம். சபாவிலிருந்து மத்திய அரசு வசூலிக்கும் நிகர வருவாய் 1963ஆம் வருட அளவைவிடக் கூடியதில் நாற்பது சதவீதம் மாநிலத்துக்கு என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, 112சி. எழுதியிருந்தும் 1974 முதல் 2021 வரை ஒழுங்காகக் கணக்குப் பார்க்கவில்லை. மாநில அரசு இவ்வளவு காலம் நீதிமன்றம் போகவில்லை, கடைசியில் சபா சட்டச் சங்கம்தான் வழக்குப் போட்டது. 2025 அக்டோபர் 17இல் கோத்தா கினாபாலு உயர்நீதிமன்றம் மத்திய அரசு கடமை தவறியது என்று தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம். என் மாமனார் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் மூன்று தடவை படிக்கச் சொன்னார். அவர் இளைஞராக இருந்த காலத்திலிருந்து கேட்கிற பேச்சு.

அரசுக்கும் அரசுக்கும் நடுவில் எழுதினால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். பாதிக்கப்பட்டவரே போய் வழக்குப் போடும்படி எழுதியிருக்க வேண்டும்.

புதியவன்_பத்து_கேவ்ஸ்:

ஒரு சந்தேகம். இதே கணக்கில் நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு எந்தப் பூட்டு இருக்கிறது? பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் கேட்டால் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வழக்குக்கட்டு:

152ஆவது பிரிவு தம்பி. மலாய் தேசிய மொழி என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் வேறு எந்த மொழியையும் பயன்படுத்தவோ கற்பிக்கவோ கற்கவோ யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது, அரசாங்க அலுவல் மட்டும் விலக்கு. வேறு சமூகத்தின் மொழியைப் பேணிக் காக்க அரசாங்கத்துக்கு உள்ள உரிமையும் பாதிக்கப்படாது என்கிறது. தமிழ், சீனப் பள்ளிகள் இந்தப் பிரிவுக்கு முரண் என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டன. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் முரண் இல்லை என்றது, 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த வழக்கில் தமிழ்ப்பள்ளிகள் சார்பிலும் நம் ஆட்கள் போய் நின்றார்கள், முகப்பில் கட்டுக்கட்டாக ஆவணம் தாக்கல் செய்தார்கள். மிரி தம்பி சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. போய் நிற்க ஒரு வாசல் இருந்தது, நின்றோம்.

கவனிக்க வேண்டியது, "தடுக்கக்கூடாது" என்பது ஒன்று, "நடத்தித் தரவேண்டும்" என்பது வேறு. பள்ளிக்கூடம் இருந்தும் பிள்ளைகள் இல்லாமல், தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபிறகு பழைய இடத்திலேயே பள்ளி நிற்கிற நிலைக்கு இந்தப் பிரிவில் மருந்து இல்லை.

பிறைக்காரர்:

நான் முதலில் எழுதியதிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன், அக்காவின் பாட்டியும் செலாயாங் மனிதரும் நகர்த்திவிட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் விடமாட்டேன். வாசலில் கேள்வி கேட்பவன் வீட்டுக்குள் என்ன செய்கிறான்? பிரான்ஸ் அந்தச் சட்டக உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்தே போடவில்லை, பிரெஞ்சு மக்கள் எல்லாரும் ஒன்று, சிறுபான்மை என்று ஒன்று எங்களிடம் இல்லை என்கிறார்கள். கிரீஸ் கையெழுத்துப் போட்டும் உறுதி செய்யவில்லை. இவர்கள் உட்கார்ந்துகொண்டு வருகிறவனைப் பார்த்து உன் சிறுபான்மைச் சட்டத்தைக் காட்டு என்று கேட்டால், வருகிறவன் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்து, எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே போனதும் புத்தகத்தை மூடிவிடுவான். ஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். 1999இல் ஒன்றியத்தை மனதில் வைத்துச் சிறுபான்மை மொழிச் சட்டம், இருபது சதவீதம் ஹங்கேரியர் இருக்கும் ஊரில் அவர்கள் மொழியில் அலுவல் பார்க்கலாம் என்று. 2004இல் உள்ளே. 2009இல் அரசமொழிச் சட்டத்தை மீறினால் ஐயாயிரம் யூரோ வரை அபராதம்.

அதோடு, கேள்வி கேட்பவன் எதற்காகக் கேட்கிறான் என்பதையும் பார்க்கவேண்டும். வட மாசிடோனியா பெயரையே மாற்றிக்கொண்டு வந்து நின்றது, 2020இல் பல்கேரியா மறித்தது, இப்போது பல்கேரியர்களை அரசியலமைப்பில் சேர்த்து எழுதினால்தான் வழி என்கிறார்கள். உக்ரைனை ஹங்கேரி மறித்தபோது சொன்ன காரணம் மேற்கு உக்ரைனில் திரான்ஸ்கார்பாத்தியா பகுதியில் இருக்கும் ஹங்கேரியப் பள்ளிகள். 2017 கல்விச் சட்டம் அந்தப் பள்ளிகளை நெருக்கியது உண்மை, உக்ரைன் 2022 டிசம்பரில் சிறுபான்மைச் சட்டம் கொண்டுவந்து, அதை மறுபடி 2023இல் திருத்தியும் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை எந்த மொழியில் படிக்கும் என்பதுதான் கவலை. இரண்டு தலைநகரங்கள் அவளை வைத்துப் பேரம் பேசுகின்றன. பக்கத்து நாட்டில் உனக்கு ஒரு பெரிய அண்ணன் இருந்தால் உன் குறை மேசைக்கு வருகிறது. ஐரோப்பா முழுவதும் சிதறி வாழும் ரோமா இன மக்களுக்கு அப்படி எந்த நாடும் இல்லை. ரோஹிங்யாவுக்கும் இல்லை.

செந்தூல்வாசி:

அண்ணே, இந்தக் கடைசி வரி சரியான இடத்தில் அடித்தது. நான் கேள்வி கேட்டபோது வாசலைப் பற்றி மட்டும் நினைத்திருந்தேன். இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

வாசல் நிபந்தனையைக் கைவிடக் கூடாது, லாத்வியாவில் அந்த வயதுவாரி வரிசையை உடைத்தது அதுதான். ஆனால் கதவு மூடியிருக்கும் அந்தச் சில வருடங்களுக்குள், ஓலாந்துக்காரர்கள் செய்ததுபோல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும், அதுவும் மிரி தம்பி சொன்னதுபோல் பாதிக்கப்பட்ட சின்னக் கூட்டமே நேராகப் போய் முறையிடும்படி எழுதி வாங்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் அதே விதி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மிச்சம் காகிதம்தான். ஆசியானில் இந்த மூன்றுமே இல்லை. மனித உரிமை ஆணையம் என்று 2009இல் ஒன்று அமைத்தார்கள், 2012இல் புனோம் பென்னில் ஒரு பிரகடனமும் வந்தது, ஆனால் செலாயாங்கில் மூட்டை தூக்குகிற மனிதர் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பார்? திமோர் சேர்ந்த அன்று இதைக் கேட்டிருக்கலாம். திமோரைக் குறை சொல்ல அல்ல, பதினோரு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்த நாள் அது, எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

தஞ்சோங்அக்கா:

தம்பி, நீங்கள் எல்லாரும் ஒப்பந்தம் பற்றி எழுதினீர்கள், எனக்கு ஒன்று கேட்கவேண்டும். எங்கள் பாட்டியின் தங்கை இன்னும் இருக்கிறார், ஆயர் ஹித்தாமில், எண்பத்தொன்று. சிவப்பு அட்டை. மலாய்க் கேள்விக்கு மறுபடி உட்காரவைக்க எனக்கு மனம் இல்லை, முன்பு பார்த்தது போதும். 1957க்கு முன் இங்கே பிறந்ததற்கு வேறு ஆதாரம் ஏதாவது காட்டலாமா? பெயர் சூட்டிய கோயில் பதிவேடு ஒன்று தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வழக்குக்கட்டு:

அக்கா, அந்தப் பதிவேட்டை முதலில் கண்ணால் பாருங்கள், பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், நிர்வாகத்திடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். பாட்டியின் தங்கையைச் சிறுவயதில் தெரிந்த மூத்தவர்கள் உயிரோடு இருந்தால் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்கும் வயதாகிறது. பழைய சிவப்பு அட்டையில் பிறந்த இடம் என்று என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள், இந்தியா என்று யாரோ தவறாக எழுதியிருந்தால் முதலில் அதைத் தீர்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பிறகு அலுவலகத்துக்குப் போங்கள். மற்ற விவரம் எதையும் இங்கே பொதுவில் போடவேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பிறைக்காரர்:

அக்கா, நிபோங் திபால் பக்கம் அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் போக வாகனம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். நான் பிறையில்தான் இருக்கிறேன், சனிக்கிழமை வேலை இல்லை.